கேசட்டா, லேப்டாப்பா, ஒற்றை மைக்கா? ‘பீ மை பேபி’யை வீட்டில் பதிவுசெய்யப் போகிறவர்களுக்கு

போன ஏப்ரலில் அக்கா மகள் கிட்டாரோடு வந்து நின்றாள். “மாமா, ‘பீ மை பேபி’ பாடி ரெக்கார்ட் பண்ணணும். பழைய ரெக்கார்டு மாதிரியே இருக்கணும்.” இந்த மாதிரி வேலை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். சரி என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தது ஜூலை வரை இழுத்தது.

எப்படிப் பதிவுசெய்வது என்பதிலேயே வீட்டில் மூன்று கட்சி. அத்தானுக்குக் கேசட் பைத்தியம். நாலு ட்ராக் (ஒரே டேப்பில் நாலு சத்தத்தைத் தனித்தனித் தடமாகப் பதிவது) கேசட் ரெக்கார்டர் ஒன்று வாங்கினால் பழைய சத்தம் தானாக வந்துவிடும் என்றார். அவர் மகளோ லேப்டாப் கட்சி; டேப், பழைய மைக், பழைய எக்கோ எல்லாவற்றுக்கும் ப்ளக்-இன் (பதிவு மென்பொருளில் செருகும் குட்டி மென்பொருள்) இருக்கும்போது இரும்புச் சாமான் எதற்கு என்றாள். நான் ஒற்றை மைக் கட்சி. நடுக்கூடத்தில் ஒரே மைக்கை நிறுத்தி, எல்லோரும் சுற்றி நின்று ஒரே மூச்சில் பாடி வாசிப்பது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மூன்றையுமே செய்து பார்த்தோம். நான் உட்பட மூன்று பேரும் தோற்றோம்.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியில்தான் கேட்டோம்: பழசு என்றால் எந்தப் பழசு?

ரானெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழுவின் இந்தப் பாட்டு 1963 ஆகஸ்டில் வெளிவந்தது. ஹாலிவுட்டில் இருந்த கோல்ட் ஸ்டார் என்ற ஸ்டூடியோவில் பதிவானது. தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர், ஒலிப்பதிவு லாரி லெவின், இசைக்கோர்ப்பு ஜாக் நிட்சி, டிரம்ஸ் ஹால் பிளேன். (ஸ்பெக்டர் பின்னாளில் கொலைக் குற்றம் நிரூபணமாகி, தண்டனைக் காலத்திலேயே 2021-இல் இறந்தார். அந்த ஆளைக் கொண்டாட எனக்கு மனமில்லை. அந்த அறையில் வாசித்தவர்களையும் மைக் வைத்தவரையும் பற்றியே பேசுகிறேன்.) ஸ்டூடியோ ஒன்றும் மைதானம் இல்லை. அந்தச் சின்ன அறைக்குள் பல கிட்டார், பல பியானோ, ஊதுவாத்தியங்கள், காஸ்டனெட் முதலான தட்டுவாத்தியங்கள் என்று ஆட்களை நெருக்கி உட்காரவைத்து, ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்தை) பல பேர் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் கசிந்தது. அந்தக் குழம்பை ஸ்டூடியோவின் எக்கோ அறைக்கு அனுப்பினார்கள். எக்கோ அறை என்றால் வேறொன்றுமில்லை, சிமெண்ட் பூசிய காலி அறை. உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். அங்கே மோதித் திரும்பி வந்த சத்தத்தை நேர்ச்சத்தத்தோடு கலந்து, எல்லாவற்றையும் மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல், ஒரே புள்ளிக்குள் அடைத்தார்கள். கேட்கிறவருக்கு ‘இது கிட்டார், இது பியானோ’ என்று பிரிக்க முடியாது. அதைத்தான் ஒலிச் சுவர் என்றார்கள்.

ஆக 1963-இன் அந்தச் சத்தத்துக்குள் இருப்பவை ஒரு அறை, பல கைகள், ஒரு எக்கோ, மோனோ. இதில் ‘உஸ்ஸ்’ என்ற டேப் இரைச்சல் எங்கே? கிட்டத்தட்ட இல்லை. ‘பட் பட்’ என்ற இசைத்தட்டுப் பொரிச்சல்? அது ஸ்டூடியோவில் பிறந்ததே இல்லை. தட்டைக் கழுவாத வீட்டில் பிறந்தது. இது எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

அத்தான் கட்சியிலிருந்து தொடங்குகிறேன், செலவு அதிகம் வைத்தது அதுதான்.

நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர் பிறந்தது 1979-இல். டீயாக் நிறுவனம் டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்று ஒன்றை இறக்கியது. அதுவரை வீட்டில் நாலு ட்ராக் வேண்டுமென்றால் பெரிய சக்கரங்களில் டேப் ஓடும் ஸ்பூல் மெஷினும், சத்தங்களைக் கலக்கும் தனி மிக்ஸரும் வாங்க வேண்டும். இதில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்தன. சாதாரணக் கேசட்டில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று ஓடும் நாலு தடங்களையும் இது ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் நியூ ஜெர்சியில் தன் வீட்டில் இந்தப் பெட்டியையும் ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டையும் வைத்துப் பதிவுசெய்த மாதிரிப் பாட்டுகள்தான் ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வந்தன. அந்தப் பாட்டுகளைப் பிறகு முழு வாத்தியக் குழுவோடு முயன்றும், கடைசியில் கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார். அத்தானின் வாதத்துக்கு இதுதான் ஆதாரம். நல்ல ஆதாரம்தான். ஆனால் ஆண்டைப் பாருங்கள், 1982.

கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவு. கேசட் டேப்பின் அகலமே 3.81 மில்லிமீட்டர். அதில் நாலு ட்ராக் என்றால் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இரட்டை வேகம் என்பதும் வினாடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர்தான். அறுபதுகளின் மூன்று ட்ராக் மெஷினில் ஓடியது அரை அங்குல டேப். ஸ்டூடியோ வேகம் வினாடிக்கு 38 சென்டிமீட்டர். ஒரு ட்ராக்குக்கு ஒரு வினாடியில் கிடைக்கும் டேப்பின் பரப்பைப் பார்த்தால் கேசட்டைவிடப் பதினாறு மடங்குக்கும் மேல். எனவே கேசட்டில் வரும் அந்த மங்கல், அந்த உஸ், அந்த லேசான தள்ளாட்டம் எல்லாம் எண்பதுகளின் படுக்கையறைச் சத்தம். அழகான சத்தம்தான், ரானெட்ஸ் பாட்டுக்கு இருபது வருடம் தள்ளிப்போன சத்தம்.

இது தெரியாமல் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய மெஷினை வாங்கினோம். எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்லப் போவதில்லை. நாற்பது வயதுப் பெட்டி மக்கர் பண்ணினால் செய்தவரைக் குறை சொல்ல முடியுமா? திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் போலக் கப்பியில் ஒட்டிக்கிடந்தது. ஸ்பிரிட்டும் காது குடையும் பஞ்சும் வைத்துச் சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம். விரலில் ஒட்டிய கறுப்பு மூன்று நாள் போகவில்லை. புது பெல்ட் போட்டதும் ஓடியது, ஆனால் வேகம் ஒரு நூல் குறைவு. முதல் நாள் கிட்டாரைப் பதிவுசெய்துவிட்டு, மறுநாள் அதன் மேல் கீபோர்டு வாசித்தால் சுருதி சேரவில்லை. மெஷின் சூடாவதற்கு முன் ஒரு வேகம், சூடான பிறகு ஒரு வேகம். கீபோர்டின் சுருதியை ஒவ்வொரு முறையும் மெஷினுக்குத் தக்கபடி திருகவேண்டியிருந்தது. பரணிலிருந்து எடுத்த பழைய கேசட்டுகளில் பாதிக்குப் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த மெஷின்களுக்கு ஏற்ற குரோம் கேசட் புதிதாகக் கிடைப்பதும் அரிது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று பதிவுகளில் அவள் குரல் மிக நன்றாக இருந்தது கேசட்டில்தான். அதற்குக் காரணம் டேப் இல்லை. நாலே ட்ராக். தாளம், கிட்டார், கீபோர்டு மூன்றையும் கலந்து நாலாவதுக்கு இறக்கிவிட்டால் பழைய மூன்றையும் அழித்து எழுத வேண்டியதுதான். இறக்கியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. டம்பூரின் (ஓரத்தில் சலங்கை வைத்த கைத்தட்டு) கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இருந்ததுதான். பீட்டில்ஸ் ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தைச் செய்த 1967-இலும் லண்டன் அபி ரோடு ஸ்டூடியோவில் நாலு ட்ராக் மெஷின்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறக்கி இறக்கித்தான் இடம் பிடித்தார்கள். மீதி ஒரே ட்ராக், இன்னும் இரண்டு முறைக்கு மேல் ஓட்டினால் டேப்பே தாங்காது என்ற நிலையில் மைக் முன்னால் நிற்கிற பெண் பாடுவது வேறு மாதிரி இருக்கும். அப்படிப் பாடினாள்.

அந்த டேப்பை மெஷின் மறுநாள் மென்று தின்றது. நடுப்பகுதி போய்விட்டது. அத்தான் அதைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி நேராக்கப் பார்த்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கேசட் வேண்டாம், பெரிய ஸ்பூல் மெஷின் வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். காசும், இடமும், பழுதுபார்க்க ஆளும் இருந்தால் வாங்குங்கள். எனக்கு மூன்றும் இல்லை.

அடுத்து லேப்டாப். நியாயமாகப் பார்த்தால் இன்றைக்குத் தொடங்குகிற எவருக்கும் நான் கை காட்டுவது இதைத்தான், ஆனால் நாங்கள் முதல் முறை செய்த மாதிரி செய்யக் கூடாது. இரண்டு மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இண்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று, ஒரு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன். மென்பொருளுக்குக் காசே வேண்டாம். மேக் வைத்திருப்பவருக்குக் கராஜ்பேண்ட் உண்டு, மற்றவருக்கு ஆடாசிட்டி உண்டு, கொஞ்சம் செலவழித்தால் ரீப்பர். டேப் சத்தத்துக்குச் சௌ டேப் மாடல் என்ற ப்ளக்-இன் இலவசமாகவே கிடைக்கிறது. இலவசம் என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

பிரச்சினை எங்கே என்றால், லேப்டாப் எதற்கும் ‘போதும்’ சொல்வதில்லை. அவள் செய்த முதல் கலவையில் முப்பத்துநாலு ட்ராக். கிட்டார் ஆறு, கைத்தட்டல் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிவெர்ப் (அறையில் மோதித் திரும்பும் சத்தத்தைச் சேர்ப்பது), எல்லாவற்றுக்கும் மேலே டேப் இரைச்சல், அதற்கும் மேலே இசைத்தட்டுப் பொரிச்சல், போதாக்குறைக்கு டேப் தள்ளாட்டம். கேட்டால், மஞ்சள் பூசிய போட்டோவைப் பார்த்த மாதிரி இருந்தது. போட்டோவில் இருப்பவர் கையில் செல்போன் இருக்கிறது, ஆனால் நிறம் மட்டும் தாத்தா காலத்து நிறம்.

செல்போன் எது என்று கண்டுபிடிக்கத்தான் நேரமானது. அது தாளம். சீராகத் தாளம் தட்டும் க்ளிக் ஒன்றைக் காதில் ஓடவிட்டு, வாசித்ததையெல்லாம் மென்பொருள் கட்டத்துக்குள் இழுத்து ஒட்டவைத்திருந்தாள். மூலப் பாட்டு நிமிடத்துக்கு 130 அடி அளவில் போகிறது, ஆனால் மனிதர்கள் வாசித்த 130. பல்லவிக்குள் நுழையும்போது அறையே கொஞ்சம் முன்னால் சாய்கிறது. அந்தப் புகழ்பெற்ற டிரம் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாலு அடியாக எண்ணினால், ஒன்றில் ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்று, மூன்றில் ஒன்று, அப்புறம் நாலில் மட்டும் ஸ்னேர் (‘டாக்’ என்று வெடிக்கும் சின்ன டிரம்). டும்… டு-டும் டாக். இரண்டாவது அடியில் வழக்கமாக விழவேண்டிய ஸ்னேர் அங்கே இல்லை. கை தவறி அப்படி வந்துவிட்டது என்று ஹால் பிளேனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தவறி வந்ததை வைத்துக்கொண்டு பாட்டு முழுக்க அதையே வாசித்தார்கள். நாம் அதைக் கட்டத்துக்குள் ஒட்டினால் தவறு போய்விடும், கூடவே பாட்டும் போய்விடும்.

ஆகவே லேப்டாப்பில் பழைய பாட்டு செய்கிறவருக்கு என் முதல் யோசனை ப்ளக்-இன் பற்றியதில்லை. க்ளிக்கை அணையுங்கள். ஒருவர் கிட்டாரும் தாளமும் சேர்த்து முதலில் ஒரே டேக்காக, அதாவது நடுவில் நிறுத்தாமல், வாசிக்கட்டும், மற்றவர்கள் அதைப் பின்தொடரட்டும். குரல் சுருதியைத் திருத்தும் கருவியைத் தொடவே வேண்டாம். டேப் ப்ளக்-இன்னில் இரைச்சல் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டு, ஓங்கிய இடங்களில் லேசாக அமுக்கிக் கரகரப்பாக்கும் வேலையை மட்டும் வாங்குங்கள். உச்ச அலைவரிசைகளை மெல்லச் சரியவிடுங்கள், வெட்டாதீர்கள். தொலைபேசிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வெட்டினால் அது 1963 இல்லை, சினிமாவில் காட்டுகிற 1963.

லேப்டாப்பை விட்டால் வேறு வழியே இல்லாதவர்களும் உண்டு. இரவு பதினொன்றுக்கு மேல்தான் நேரம் கிடைக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிறது என்றால் கிட்டாரை நேராகச் செருகி ஹெட்போனில் வாசிக்க வேண்டியதுதான். அப்போதும் எல்லா ட்ராக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ரிவெர்ப் வையுங்கள். எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று காது நம்புவதற்கு அது ஒன்றுதான் வழி.

இனி என் கட்சி. மே மாதத்து ஒரு மத்தியானம், கூடத்தில் ஒரே மைக். மின்விசிறியை நிறுத்தியாயிற்று, இல்லாவிட்டால் பாட்டுக்கு அடியில் அதன் ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜையும் அணைத்தோம். (அணைத்தால் கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.) ஒற்றை மைக்கில் கலவை என்பது காலால் செய்வது. அவள் ஒரு முழம் தள்ளி, அத்தான் கிட்டாரோடு நாலடி பின்னால், நான் டம்பூரினோடு சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம். தரையில் சாக்பீஸால் ஒவ்வொருவர் பாதத்துக்கும் கோடு. கேட்டுப் பார்ப்பது, டம்பூரின் தூக்கலாக இருக்கிறதா, ஓரடி பின்னால் போ. அரை மணி நேரத்தில் தரை பாண்டி விளையாடிய மாதிரி ஆகிவிட்டது.

பதினேழு டேக். ஒன்பதாவதில் எல்லாம் சரியாக வந்து, கடைசி வரியில் கீழே யாரோ கேட்டை இழுத்தார்கள். வியர்வையில் கிட்டார் சுருதி இறங்கிக்கொண்டே போனது. பதினான்காவது டேக்கை வைத்துக்கொண்டோம். உயிர் இருந்தது, எனக்கு அதைக் கேட்கும்போது இப்போதும் சிலிர்க்கும். ஆனால் அத்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னது நியாயம்: “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது அறுபத்து மூணு இல்லை, நாற்பத்தஞ்சு.”

ஆமாம். ஒற்றை மைக்கைச் சுற்றி நின்று பாடுவது டேப் பரவலாவதற்கு முந்தைய காலத்து வழக்கம். அதில் ஒரு கிட்டார் என்றால் ஒரு கிட்டார்தான் கேட்கும். மூன்று பேரால் சுவர் எழுப்ப முடியாது. அவர் வாய்விட்டு ஒரு ஆண்டைச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒற்றை மைக் நாற்பதுகளுக்குப் போகிறது, கேசட் எண்பதுகளுக்கு, கண்டபடி திறந்துவிட்ட லேப்டாப் இந்த வருடத்துக்கு. நாங்கள் தேடியது நடுவில் எங்கேயோ இருந்தது.

சரி, நடுவில் போவது எப்படி? ஒற்றை மைக்கை வைத்துக்கொண்டு லேப்டாப்பில் மூன்றே மூன்று ட்ராக் என்று எங்களுக்கு நாங்களே சட்டம் போட்டோம். இதில் புதுமை எதுவும் இல்லை. ஜோ மீக் என்ற இசைத் தயாரிப்பாளர் லண்டனில் 304, ஹாலோவே ரோடு என்ற முகவரியில் ஒரு தோல்சாமான் கடைக்கு மேலிருந்த குடியிருப்பில்தான் ஸ்டூடியோ வைத்திருந்தார். வாத்தியக்காரர்களை அறைக்கொருவராகப் பிரித்து உட்காரவைத்துப் பதிவுசெய்வார். அந்த வீட்டிலிருந்து போன ‘டெல்ஸ்டார்’ 1962-இல் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தது. வீட்டில் பதிவுசெய்வது அறுபதுகளுக்கு அந்நியம் இல்லை.

முதல் ட்ராக்கில் மூவரும் ஒற்றை மைக்கைச் சுற்றி ஒரு முறை முழுப் பாட்டையும் வாசித்தோம், குரல் இல்லாமல். இரண்டாவது ட்ராக்கில் அதையே மறுபடியும் வாசித்தோம், ஆனால் இடம் மாறி நின்று. முன்னால் நின்றவர் பின்னால், பின்னால் நின்றவர் மாடிப்படி அருகில். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிவினாடி ஆகும். மூன்று மீட்டர் தள்ளிப் போனால் ஒன்பது. இந்தச் சின்னச் சின்னத் தாமதங்களும், இரண்டு முறை வாசித்ததில் கை மாறி விழுந்த வித்தியாசங்களும் சேரும்போது மூன்று பேர் ஆறு பேராகவும், அந்த ஆறு பேர் ஒரு கூட்டமாகவும் தடித்துவிடுகிறார்கள். ப்ளக்-இன்னில் ஒரே டேக்கை நகல் எடுத்து நகர்த்தினால் இது வராது, ஒரே ஆள் தகரக் குழாய்க்குள் நிற்கிற மாதிரிதான் வரும். டிரம்ஸ் எங்களிடம் இல்லை. காலிச் சூட்கேஸை உள்ளங்கையால் குத்தியது கிக். நாலாவது அடிக்கு டெலிபோன் டைரக்டரியைத் தரையில் அறைந்து கூடவே டம்பூரின். இரண்டு வீடு தள்ளியிருந்து டைரக்டரி கடன் வாங்கினோம், இந்தக் காலத்தில் அதற்கே அலைய வேண்டியிருந்தது. மூன்றாவது ட்ராக் குரலுக்கு மட்டும்.

அப்புறம் எக்கோ. இந்தப் பாட்டின் பாதி உயிர் அதில் இருக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

குளியலறை வேண்டும். வாளி, மக்கு, துண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். துண்டு சத்தத்தைக் குடிக்கும். பிளாஸ்டிக் வாளியோ எங்கள் வீட்டில் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போதெல்லாம் கூடவே உறுமியது. எங்கிருந்து வருகிறது என்று தேடவே இருபது நிமிடம். குழாய் சொட்டினால் அதன் வாயில் ஒரு நூலைக் கட்டித் தரை வரை விடுங்கள், சொட்டு நூல் வழியே சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஸ்பீக்கரை ஒரு மூலையைப் பார்த்து வையுங்கள். மைக்கை எதிர் மூலையைப் பார்த்து வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. பார்த்தால் நேர்ச்சத்தம் விழுந்து எக்கோ மெலிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு, பதிவான குரலையும் ஸ்னேரையும் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, சுவரில் மோதி வருவதை மட்டும் பதிவுசெய்து, மூலத்தோடு கலக்க வேண்டும். அனுப்பும் சத்தத்தில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது அபி ரோட்டில் செய்த பழைய தந்திரம்; அடிச்சத்தம் போனால் எக்கோ குழம்பாது. கிக்கை உள்ளே அனுப்பவே வேண்டாம்.

எங்கள் ஸ்பீக்கர் ப்ளூடூத். கேபிள் தேட சோம்பல். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், எனவே எக்கோ பாட்டைவிட்டு நன்றாகவே பின்தங்கி விழுந்தது. அதைச் சரிசெய்யலாம் என்று மென்பொருளில் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தபோது, முழுவதும் சரியாவதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு இடத்தில் மூவரும் ஒரே நேரத்தில் “அங்கேயே விடு!” என்றோம். குரல் முதலில் வந்து, ஒரு கணம் பொறுத்து அறை எழுந்து வருகிறது. அந்தக் காலத்தில் எக்கோ அறைக்கு அனுப்பும் சத்தத்தை டேப் மெஷின் வழியாகச் சுற்றவிட்டு வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள். நாங்கள் சோம்பலால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

குளியலறை கிடைக்காதவர் மாடிப்படியில் ஒரு பலூனை உடைத்து, அந்த ஒற்றைச் சத்தத்தைப் பதிவுசெய்து, ரீப்பரோடு வரும் ரியாவெர்ப் போன்ற கருவியில் ஏற்றிக்கொண்டால் அந்த மாடிப்படியே ரிவெர்ப் ஆகிவிடும். நாங்கள் அதையும் செய்தோம், நன்றாகவே வந்தது. குளியலறை இன்னும் நன்றாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கலக்கும்போது மோனோ. இதில் மட்டும் பேரம் கிடையாது. இடம் வலம் என்று பரப்பினால் சுவர் வேலியாகிவிடும். மோனோவில் இரண்டு சத்தம் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டால் ஒன்றை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. செல்போன் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டு, குரலும் நாலாவது அடியும் தெளிவாக விழுந்தால் போதும் என்று நிறுத்தினோம்.

ஒரு வார்த்தை, இணையத்தில் ஏற்றப் போகிறவர்களுக்கு. நாமே வாசித்துப் பாடினாலும் பாட்டை எழுதியவர்களின் உரிமை அப்படியே இருக்கிறது. ஏற்றிய இடத்தில் தானியங்கி முறையில் உரிமை கோரப்பட்டு விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மூலப் பதிவின் துண்டை மட்டும் உங்கள் கலவைக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: கையில் கிட்டாரும் கூடப் பாட நாலு பேரும் இருந்தால் ஒற்றை மைக்கோடு போங்கள், பாட்டு ஐம்பதுகளுக்கு முந்தியதாக இருந்தால் அதோடு நிறுத்தியும் விடலாம். தனி ஆள், இரவு நேரம் என்றால் லேப்டாப், அதுவும் ட்ராக்கை எண்ணிக்கொண்டு. ‘பீ மை பேபி’ மாதிரி அறுபதுகளின் பாட்டு என்றால் ஒற்றை மைக், லேப்டாப்பில் மூன்று ட்ராக், குளியலறை. எங்களுக்கு இதற்கு ஆன புதுச் செலவு ஒரு டம்பூரின்.

கேசட் மெஷின் இரண்டு மாதமாகப் பரணில் கிடந்தது. போன வாரம் அவள் வந்து, 1982-இல் வெளிவந்த ஒரு பாட்டைத் தனியாகக் கிட்டாரோடு பாட வேண்டும் என்றாள். அத்தானிடம் புது பெல்ட்டும் இரண்டு குரோம் கேசட்டும் தேடச் சொல்லியிருக்கிறேன்.